பிராக்மிபீடியம் கோவாச்சி

அறிவியல் வகைப்பாடு
திணை: தாவரம்
வரிசை: அசுபராகேலிசு
குடும்பம்: ஆர்க்கிடேசியே
துணைக்குடும்பம்: சிப்ரிபீடியோய்டியே
பேரினம்: பிராக்மிபீடியம்
இனம்: பி. கோவாச்சி
விவரித்தோர்: அட்வுட், டால்சுட்ராம், ரி. பெர்னாண்டசு (2002)

பிராக்மிபீடியம் கோவாச்சி என்பது தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் வடபகுதியில் மட்டும் காட்டில் வளரும் ஓர் ஆர்க்கிட் இனமாகும். இதன் பூ கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறமும் ஏறத்தாழ 20 செ.மீ. வரை அகலமும் கொண்டது. 2002ஆம் ஆண்டு இவ்வினம் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டுப் பெயரிடப்பட்டது. விவரிப்புக்கு அடிப்படையாக இருந்த செடி பெருவிலிருந்து ஏற்றுமதி உரிமம் இன்றிக் கொண்டுவரப்பட்டதாகும். இதனால் செடியைக் கொண்டுவந்தவர் மீதும், பூங்காவின் மீதும், பூங்காவின் ஆர்க்கிட் பிரிவு அலுவலர் ஒருவர் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.

சட்டத்தை மீறிக் கொண்டுவரப்பட்ட செடியைக் கொண்டு வெளியிடப்பட்ட போதிலும், தாவரப் பெயரீட்டு விதிகளின்படி இவ்வினத்தின் பெயர் செல்லத்தக்கதாகவே இருந்து வருகிறது. புதிய இனங்களை விவரித்தல், அயல்நாடுகளில் தாவரம் சேகரித்தல் ஆகியவற்றின் நெறிமுறைகள் பற்றிய உரையாடல்களில் இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பெயர்க் காரணம்

பிராக்மிபீடியம் என்னும் பேரினப் பெயர் தடுப்பு என்றும் பாதணி என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து உருவானது. தடுப்பு என்பது சூலகம் உள்ளே அறைகளாகப் பிரிந்திருப்பதையும், பாதணி என்பது பூவின் கீழிதழ் செருப்பின் முன்பகுதி போன்ற பை வடிவில் இருப்பதையும் குறிக்கும். இத்தகைய பை வடிவ இதழ் கொண்ட ஆர்க்கிடுகள் பொதுவாகப் பாதணி ஆர்க்கிடுகள் எனப்படுகின்றன.

கோவாச்சி என்னும் இனப்பெயர், செடியைப் பெருவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற மைக்கேல் கோவாச் என்பவரின் பெயரால் அமைந்தது. புதிய இனத்தைக் கண்டெடுத்தவரின் பெயரை அதற்குச் சூட்டுவது தாவரவியலில் நெடுங்கால வழக்கமாகும்.

உருவமைப்பு

இது தரையிலும் பாறை இடுக்குகளிலும் வளரும் பல்லாண்டுத் தாவரமாகும். இலைகள் நீண்டு, வார் போன்று, அடியிலிருந்து விசிறியாக விரியும். இலைகளின் நடுவிலிருந்து எழும் தண்டில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பூக்கள் தோன்றும். பக்க இதழ்கள் அகன்று வட்டமாக இருக்கும். இப்பேரினத்தின் வேறு பல இனங்களில் இவ்விதழ்கள் குறுகியும் சில இனங்களில் நாடா போல் நீண்டும் தொங்குவதால், அகன்ற இதழே இவ்வினத்தை எளிதில் வேறுபடுத்திக் காட்டுகிறது.

நிறமும் புதுமையானது. பிராக்மிபீடியம் இனங்களிற் பல பச்சை, பழுப்பு, வெளிர் இளஞ்சிவப்பு நிறப் பூக்களைக் கொண்டவை. 1981ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட பிராக்மிபீடியம் பெசியே என்னும் இனத்தின் பளிச்சென்ற சிவப்பு நிறம் ஆர்க்கிட் வளர்ப்போரிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து அதனினும் பெரிய பூவும் வேறெதிலும் காணாத நிறமும் கொண்ட ஓரினம் கிடைத்தமையால், கோவாச்சி அறியப்பட்ட நாளிலிருந்தே மிகுந்த விலைமதிப்பு உடையதாகக் கருதப்பட்டது.

வாழிடம்

இவ்வினம் பெருவின் வடபகுதியில் ஆண்டீசு மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில், ஏறத்தாழ 1,600 முதல் 2,000 மீட்டர் வரையிலான உயரத்தில், மேகம் தவழும் ஈரக்காடுகளை ஒட்டிக் காணப்படுகிறது. சுண்ணாம்புப் பாறைகளில் நீர் கசிந்து வழியும் சரிவுகளை இது விரும்புகிறது. இத்தகைய இடங்கள் சிறு சிறு திட்டுகளாகவே உள்ளன. ஆகவே இவ்வினத்தின் பரவலும் குறுகியது. ஒரு சரிவில் உள்ள செடிகளைச் சில நாட்களில் சிலர் மட்டுமே முழுமையாகப் பெயர்த்தெடுத்துவிட முடியும் என்பது இதன் பாதுகாப்பில் முதன்மையான சிக்கலாகும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

வரலாறு

கண்டெடுப்பு

2002ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்க்கிட் வளர்ப்பாளரான மைக்கேல் கோவாச் பெருவில் பயணம் செய்தார். சான் மார்ட்டின் மாநிலத்தின் மோயோபம்பா நகரப் பகுதியில் சாலையோரக் கடை ஒன்றில் இச்செடிகளைக் கண்டு விலைக்கு வாங்கினார். அறிவியல் உலகம் அறியாத இவ்வினத்தை அப்பகுதி மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்தனர் என்பதும், விற்பனைக்கும் வைத்திருந்தனர் என்பதும் இதிலிருந்து தெரிய வருகின்றன. "கண்டுபிடிப்பு" என்னும் சொல் இங்கு, இனம் அறிவியல் இலக்கியத்தில் முதன்முதலாகப் பதிவானதை மட்டுமே குறிக்கும்.

2002 சூன் 5 அன்று அவர் அச்செடியைப் புளோரிடாவின் சாரசோட்டா நகரில் உள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். மரங்களின் மேல் வளரும் தொற்றுத் தாவரங்கள் பற்றிய ஆய்வில் இப்பூங்கா புகழ்பெற்றது. ஆர்க்கிடுகளை இனங்காணும் பிரிவு ஒன்றும், செல்பியானா என்னும் ஆய்விதழும் இதற்கு உண்டு.

பெயரிடும் போட்டி

அதே காலத்தில் எரிக் கிறிசுடென்சன் என்னும் அமெரிக்க ஆர்க்கிட் வகைப்பாட்டியலாளரும் இவ்வினத்தை விவரித்து வந்தார். அவர் தேர்ந்த பெயர் பிராக்மிபீடியம் பெருவியானம், அதாவது பெருவுக்கு உரியது என்பதாகும். அவருடைய கட்டுரை அமெரிக்க ஆர்க்கிட் கழகத்தின் "ஆர்க்கிட்சு" இதழில் வெளிவர இருந்தது.

செல்பி பூங்காவில் யோன் அட்வுட், இசுட்டிக் டால்சுட்ராம் ஆகியோரும் பெருவைச் சேர்ந்த தாவரவியலாளர் ரிக்கார்டோ பெர்னாண்டசும் இணைந்து விரைவாக ஒரு விவரிப்பை எழுதினர். அது செல்பியானாவின் சிறப்பு வெளியீடாக 2002 சூன் 12 அன்று வெளிவந்தது. செடி பூங்காவை அடைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. கிறிசுடென்சனின் கட்டுரை அதன்பின் சில நாட்கள் கழித்தே வெளியானது. முந்துரிமை விதிப்படி முதலில் வெளியான கோவாச்சி என்பதே சரியான பெயராயிற்று. பெருவியானம் என்பது ஒத்தபெயராக மட்டும் பதிவு செய்யப்பட்டுள்ளது.

சில நாள் வேறுபாட்டால், ஒரு நாட்டின் பெயரைத் தாங்கியிருக்கக்கூடிய இனம், அந்நாட்டிலிருந்து அதனை உரிமமின்றிக் கொண்டுசென்றவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வழக்குகள்

பெருவின் அதிகாரிகள் தம் நாட்டிலிருந்து இச்செடி வெளியேற எவ்வித உரிமமும் வழங்கப்படவில்லை என்று முறையிட்டனர். அமெரிக்க நடுவண் அரசு விசாரணையைத் தொடங்கியது. அமெரிக்காவில் சைட்டிசு உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் அருகிய இனங்கள் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கப்பட்டது. முடிவில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுக் கீழ்க்காணுமாறு தீர்ப்பு வழங்கப்பட்டது.

- செல்பி பூங்கா: 5,000 டாலர் தண்டமும் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும்.
- மைக்கேல் கோவாச்: 1,000 டாலர் தண்டமும் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும்.
- பூங்காவின் ஆர்க்கிட் பிரிவு அலுவலர்: தண்டம், நன்னடத்தைக் கண்காணிப்பு, வீட்டுக்காவல்.

தண்டத் தொகை சிறியதாயினும், புகழ்பெற்ற அறிவியல் நிறுவனம் ஒன்றே ஒரு தாவரத்திற்காகக் குற்றவாளியாக நின்றது தாவரவியலாளரிடையே பெரும் அதிர்வை ஏற்படுத்தியது. அயலார் கொண்டுவந்து தரும் செடியைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனமும் அது வந்த வழிக்குப் பொறுப்பாளி என்பது இதனால் தெளிவாயிற்று. இவ்வரலாற்றை அமெரிக்க இதழாளர் கிரெய்க் பிட்மன் 2012ஆம் ஆண்டு ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

பெயரிடுதலின் விதிகள்

தாவரங்களின் பெயர்களைப் பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றுக்கான பன்னாட்டுப் பெயரீட்டு விதித்தொகுப்பு நெறிப்படுத்துகிறது. பெரும்பாலான தாவரக் குழுக்களுக்குப் பெயர்களின் தொடக்க நாளாக, லின்னேயசின் "இசுபீசீசு பிளாண்டாரம்" நூலுக்குரிய 1753 மே 1 கொள்ளப்படுகிறது. புதிய இனம் ஒன்றின் பெயர் செல்லத்தக்கதாக வேண்டுமானால் பின்வரும் முதன்மை நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

- பெயர் முறையான வெளியீட்டில் இடம்பெற வேண்டும். 2012 சனவரி 1 முதல் குறிப்பிட்ட வகை மின்வெளியீடுகளும் ஏற்கப்படுகின்றன.
- இனத்தைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் விவரிப்பு இருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டு இறுதி வரை இது இலத்தீனில் எழுதப்பட வேண்டியிருந்தது. இப்போது இலத்தீன் அல்லது ஆங்கிலம் போதுமானது.
- 1958 முதல் மூலமாதிரி ஒன்று குறிப்பிடப்பட வேண்டும். அப்பெயர் எதனைக் குறிக்கிறது என்பதில் ஐயம் எழுந்தால் இம்மாதிரியே இறுதிச் சான்றாகும்.
- 1990 முதல் அம்மாதிரி வைக்கப்பட்டுள்ள உலர்தாவரகத்தின் பெயரும் கூறப்பட வேண்டும்.

இந்நிபந்தனைகளுள் மாதிரி எவ்வாறு பெறப்பட்டது என்பது இடம்பெறவில்லை. சேகரித்தவரிடம் உரிமம் இருந்ததா, தோன்றிய நாடு இசைந்ததா என்பவை பெயரின் செல்லுபடியைப் பாதிப்பதில்லை. மேலும், பெயர் பொருத்தமற்றது என்றோ விரும்பத்தகாதது என்றோ கூறி மட்டும் அதனைத் தள்ளிவிட முடியாது என்றும் விதித்தொகுப்பு கூறுகிறது. 2024ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் நடைபெற்ற பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில், ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து பிறந்த இனப்பெயர்களைத் திருத்த முடிவு செய்யப்பட்டது. எனினும் அம்முடிவு சொல்லின் பொருளைப் பற்றியது; மாதிரி வந்த வழியைப் பற்றியதன்று.

இவ்வாறு பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பெயரீட்டு விதியின் நோக்கம் நிலைத்தன்மையாகும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உள்ள சேகரிப்பு சட்டப்படி நடந்ததா என்று ஆராயத் தொடங்கினால், குடியேற்றவாதக் காலத்தில் சூட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பெயர்கள் கேள்விக்குள்ளாகும். ஒரு நாட்டில் குற்றமாவது மற்றொன்றில் குற்றமாகாமலும் இருக்கலாம். தாவரவியலாளர்கள் நீதிபதிகளாக இயங்க இயலாது என்பது இதன் அடிப்படையாகும். ஆனால் இதன் விளைவாக, பெயர் வெளியான பின்னர் நெறிமீறலைச் சரிசெய்ய வழியில்லாமற் போகிறது. கோவாச்சி நிகழ்வில் தண்டம் செலுத்தப்பட்டது, பெயர் மாறவில்லை.

சேகரிப்பின் விதிகள்

சைட்டிசு

அருகிவரும் காட்டு விலங்கு, தாவர இனங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கை சுருக்கமாகச் சைட்டிசு எனப்படுகிறது. இது 1973ஆம் ஆண்டு வாசிங்டனில் கையெழுத்தாகி 1975 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிராக்மிபீடியம், பாபியோபீடிலம் ஆகிய இரு பாதணி ஆர்க்கிட் பேரினங்களும் 1990 முதல் இதன் முதலாம் பட்டியலில் முழுமையாக இடம்பெற்றுள்ளன. பேரினம் முழுவதும் பட்டியலில் இருப்பதால், இன்னும் பெயரிடப்படாத இனமும் அதன் கீழ் வரும். எனவே "பெயரே இல்லாத செடிக்குத் தடை எப்படிப் பொருந்தும்" என்னும் கேள்விக்கு இங்கு இடமில்லை.

முதலாம் பட்டியலில் உள்ள காட்டுச் செடியை வணிகத்திற்காக நாடு கடத்த முடியாது. பிற நோக்கங்களுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு, இறக்குமதி செய்யும் நாடு ஆகிய இரண்டின் உரிமமும் தேவை. அறிவியல் நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. பதிவு பெற்ற நிறுவனங்கள் உலர்மாதிரிகளையும், உரிய சீட்டு ஒட்டப்பட்ட உயிர்ச்செடிகளையும் வணிக நோக்கமின்றித் தமக்குள் கடனாகவோ கொடையாகவோ பரிமாறிக்கொள்ளலாம். தனியார் ஒருவர் விலைக்கு வாங்கி எடுத்துவரும் செடிக்கு இவ்விலக்கு பொருந்தாது.

உயிரியற் பல்வகைமை உடன்படிக்கையும் நகோயா நெறிமுறையும்

1992ஆம் ஆண்டு இரியோ டி செனீரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உயிரியற் பல்வகைமை உடன்படிக்கை 1993 திசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் தாவரங்கள் மனித இனத்தின் பொதுச்சொத்து என்னும் கருத்து பரவலாக இருந்தது. தன் மரபியல் வளங்களின் மீது ஒவ்வொரு நாட்டிற்கும் இறைமை உண்டு என்பதை இவ்வுடன்படிக்கை உறுதி செய்தது. பெரு இதனை ஏற்புறுதி செய்துள்ளது. ஐக்கிய அமெரிக்கா கையெழுத்திட்டதேயன்றி ஏற்புறுதி செய்யவில்லை.

இதன் தொடர்ச்சியான நகோயா நெறிமுறை 2010ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. முன்கூட்டிய இசைவு, இரு தரப்பும் ஒப்பிய நிபந்தனைகள், பயன்களைப் பகிர்தல் ஆகியவை இதன் மூன்று தூண்களாகும். ஓர் இனத்திற்குப் பெயரிடுவது மட்டுமே மரபியல் வளத்தைப் "பயன்படுத்துதல்" ஆகுமா என்பதில் நாடுகளின் சட்டங்கள் வேறுபடுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

பெருவின் மனக்குறை இந்த ஓர் ஆர்க்கிட்டுடன் தொடங்கியதன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குவினைன் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்பட்டது. ஆண்டீசு மலைகளுக்கே உரிய அம்மரம் பெருவின் தேசியச் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளது. 1860ஆம் ஆண்டு பிரித்தானிய அரசின் சார்பில் கிளமெண்ட்சு மார்க்கம் பெருவிலும், ரிச்சர்டு இசுபுரூசு எக்குவடோரிலும் சிங்கோனாக் கன்றுகளையும் விதைகளையும் திரட்டினர். அவை தமிழகத்தின் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, உதகமண்டலத்தில் வில்லியம் மெக்கைவரின் மேற்பார்வையில் வளர்க்கப்பட்டன. ஆசியாவில் சிங்கோனாத் தோட்டங்கள் பெருகிய பின்னர் ஆண்டீசு நாடுகளின் பட்டை வணிகம் வீழ்ந்தது. 1876ஆம் ஆண்டு என்றி விக்கம் பிரேசிலிலிருந்து எடுத்துச்சென்ற இரப்பர் விதைகளின் வரலாறும் இத்தகையதே.

அச்சேகரிப்புகள் உயிர்காக்கும் மருந்தை மலிவாக்கின என்பதும் உண்மை. தோன்றிய நாட்டிற்கு அதனால் பயன் எதுவும் திரும்பவில்லை என்பதும் உண்மை. பின்னாளைய உடன்படிக்கைகள் இவ்விரண்டாம் உண்மையைக் கருத்திற்கொண்டு எழுந்தவையாகும்.

பெயரிடலின் விளைவுகள்

அறிவியல் விவரிப்பு ஓர் இனத்தைப் பாதுகாக்க உதவும். பெயரற்ற இனத்தைச் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பதோ, அதற்கெனக் காப்பிடம் கோருவதோ பொதுவாகக் கடினம். ஆனால் விவரிப்பே வணிகர்களுக்கு அறிவிப்பாகவும் அமைந்துவிடுகிறது. கோவாச்சி வெளியான பின்னர், அறியப்பட்டிருந்த இடங்களிலிருந்து செடிகள் பெருமளவில் பெயர்த்தெடுக்கப்பட்டன.

பிற பாதணி ஆர்க்கிடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. வியட்நாமைச் சேர்ந்த பாபியோபீடிலம் வியட்நாமென்சு 1999ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் காட்டில் அதனைக் காண்பதே அரிதாயிற்று. அந்நாட்டிலேயே 2010ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட பாபியோபீடிலம் கான்கி இனமும் சேகரிப்போரால் பெரும் அழிவுக்குள்ளானது. தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாபியோபீடிலம் துரூரி 19ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டு, மிகைச் சேகரிப்பால் காட்டில் அற்றுப்போகும் நிலையை அடைந்தது.

இதனால் வணிக மதிப்புள்ள இனங்களை விவரிக்கும்போது துல்லியமான இடத்தை வெளியிடாமல், மாவட்டம் அல்லது மலைத்தொடரின் பெயரை மட்டும் கூறும் வழக்கம் பரவியுள்ளது. முழு விவரம் உலர்தாவரகத்திலும் அரசுத் துறையிலும் மட்டும் வைக்கப்படும்.

சட்டப்படியான பெருக்கம்

பெருவில் அக்காலத்தில் இப்பொறுப்பை வகித்த தேசிய இயற்கை வளங்கள் நிறுவனம், உள்நாட்டு வளர்ப்பாளருக்குக் காட்டிலிருந்து ஐந்து செடிகளை மட்டும் எடுக்க இசைவளித்தது. அவற்றைத் தாய்ச்செடிகளாகக் கொண்டு விதைகள் உண்டாக்கப்பட்டன. ஆர்க்கிட் விதைகள் தூசி போன்று நுண்ணியவை. முளைப்பதற்கு வேண்டிய உணவுச்சேமிப்பு அவற்றில் இல்லை. ஆகவே நுண்ணுயிர் நீக்கிய கண்ணாடிக் குடுவைகளில் ஊட்டக்கூழின் மீது விதைத்து நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன. ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பெற இயலும்.

செயற்கையாகப் பெருக்கப்பட்ட முதலாம் பட்டியல் செடிகளை உரிய சான்றுடன் வணிகம் செய்யச் சைட்டிசு இடமளிக்கிறது. ஆனால் தாய்ச்செடி சட்டப்படி பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். கடத்தப்பட்ட செடியின் நாற்று பல தலைமுறை கழிந்தாலும் தூய்மை பெறுவதில்லை என்பது இதன் பொருள். பெருவிலிருந்து சட்டப்படி வந்த நாற்றுகள் பல நாடுகளுக்குப் பரவியுள்ளன. அவற்றைக் கொண்டு பல கலப்பினங்களும் உருவாக்கப்பட்டன. பெசியே, கோவாச்சி ஆகிய இரண்டையும் கலந்து பெற்ற "பிரிட்சு சோம்பர்க்கு" அவற்றுள் ஒன்றாகும். நாற்று எளிதாகக் கிடைக்கும்போது காட்டுச் செடியின் விலை குறையும் என்பதே இம்முறையின் அடிப்படை.

மாறுபட்ட கருத்துகள்

சட்டக் கட்டுப்பாடுகள் பற்றி ஒத்த கருத்து இல்லை. ஆர்க்கிட் வளர்ப்போருள் ஒரு சாரார், சாலை அமைக்கவும் வேளாண்மைக்கும் ஒரு மலைச்சரிவையே அழிப்பது குற்றமாகாதபோது, அங்கிருந்து ஒரு செடியைக் காப்பாற்றி எடுப்பது குற்றமாவது முரண்பாடு என்கின்றனர். உரிமம் பெறும் நடைமுறை நீண்டு செல்வதால், பெயர் பெறுவதற்கு முன்பே இனங்கள் அழிந்துவிடக்கூடும் என்று வகைப்பாட்டியலாளர் பலர் கவலை கொள்கின்றனர்.

மறுதரப்பினர், அரிய செடியை "காப்பாற்றுவோர்" எடுப்பது பெரும்பாலும் விலை மிக்க செடிகளையே என்று சுட்டுகின்றனர். விரைவு வேண்டுமெனில் தோன்றிய நாட்டின் அறிவியலாளருடன் சேர்ந்து பணியாற்றுவதே குறுகிய வழி என்றும் கூறுகின்றனர். கோவாச்சியை விவரித்தோருள் பெருவைச் சேர்ந்த ஒருவர் இருந்த போதிலும், உடன் ஆசிரியர் ஒருவரின் பெயர் ஏற்றுமதி உரிமத்திற்கு ஈடாகாது என்பதையும் இந்நிகழ்வு காட்டியது.

இன்றைய நடைமுறை

அயல்நாட்டில் சேகரிக்கும் ஆய்வாளர்களிடம் பொதுவாகப் பின்வருவன எதிர்பார்க்கப்படுகின்றன.

- சேகரிப்பதற்கும் ஏற்றுமதிக்கும் தனித்தனி உரிமங்கள் பெறுதல். அவற்றின் எண்களைக் கட்டுரையில் குறிப்பிடுதல்.
- தோன்றிய நாட்டின் நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றுதல்.
- மூலமாதிரியையோ அதன் இணைமாதிரியையோ அந்நாட்டு உலர்தாவரகத்தில் வைத்தல்.
- சிறு கூட்டங்களிலிருந்து முழுச் செடியைப் பிடுங்காமல் தேவையான பகுதியை மட்டும் எடுத்தல்.
- வேறொருவர் தரும் செடியாயின், அது வந்த வழிக்கான ஆவணம் இன்றி ஏற்காதிருத்தல்.

இந்தியாவில், கோவாச்சி விவரிக்கப்பட்ட அதே 2002ஆம் ஆண்டில் உயிரியற் பல்வகைமைச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டப்படி அயல்நாட்டினர் ஆய்வுக்காக உயிரியல் வளங்களைப் பெறுவதற்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. புதிய இனத்தைக் கண்டறிபவர், அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்திற்குத் தெரிவித்துச் சான்று மாதிரியையும் அங்கு ஒப்படைக்க வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது. பெயரீட்டு விதித்தொகுப்பு கேளாத கேள்விகளை இவ்வாறு நாடுகளின் சட்டங்களும், ஆய்விதழ்களும், உலர்தாவரகங்களும் பெயர் வெளியாவதற்கு முன்பே கேட்கத் தொடங்கியுள்ளன. வெளியான பெயரைத் திரும்பப் பெற வழியில்லாத நிலையில், இக்கேள்விகளுக்கு உரிய நேரம் அதுவேயாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஆர்க்கிட்
- சைட்டிசு
- இருசொற் பெயரீடு
- உலர்தாவரகம்
- சிங்கோனா
- நகோயா நெறிமுறை